அரை அங்குல மரை

வால்வை அறுத்த அன்று பட்டறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: முதலாளி வரதாச்சாரி, போர்மேன் சவரிமுத்து, டிராக்டரின் சொந்தக்காரருக்குக் காரியஸ்தராக இருந்த தாமோதரன், நான். இல்லாதவர் டிரைவர் முனுசாமி. அவருக்காகத்தான் அறுத்தோம்; அவரோ ஆஸ்பத்திரியில், சுருட்டிய கம்பளியின் மேல் இடது காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

நான் ஓய்வுபெற்ற தொழிற்சாலையில், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளோடு பேச அண்மையில் கூப்பிட்டிருந்தார்கள். ஒருவன் எழுந்து, "சார், வால்வு மேலேயே மரை, அழுத்தம் எல்லாம் பொறிச்சு வருது. அப்புறமும் கேஜ் வெச்சுப் பார்த்துட்டுத்தான் மாட்டணும்னு எதுக்கு ஒரு ரூல்?" என்று கேட்டான். அந்த விதியை எழுதிவைத்தவன் நான். நின்றபடி சொல்லி முடிக்கிற பதிலாக அது இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா மயிலாப்பூர் கால்வாயில் படகிலிருந்து விறகு இறக்குகிற கூலி. கையெழுத்து கேட்கிற இடத்திலெல்லாம் கட்டைவிரலை நீட்டிவிடுவார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கமாட்டார். கேட்டால் தெரியாதது வெளிப்பட்டுவிடும் என்று கூச்சம். பாதிரிமார் பள்ளியில் எட்டாவது முடித்தேன். பிறகு தொழிற்பள்ளியில் லேத்தும் அரமும் பழகினேன். உலக யுத்தம் முடிந்த கொஞ்ச நாளில், கச்சேரி ரோட்டுக்கும் கால்வாய்க்கும் நடுவே இருந்த வரதாச்சாரியின் பட்டறையில் சேர்ந்தேன்.

அங்கே வேலைக்காரர்கள் பயந்தது முதலாளிக்கு அல்ல, சவரிமுத்துவுக்கு. சாந்தோமில் பல தலைமுறையாக இருக்கிற குடும்பம். விடியற்காலைப் பூசை முடித்து, அதே வெள்ளைச் சட்டையோடு நேராகப் பட்டறைக்கு வருவார். மாலை வரை அந்தச் சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய் விழாது. ஆனால் அவர் கை படாத வேலையும் இருக்காது. உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் குரல் தணியும், மரியாதை ஏறும். "வாங்க தம்பி, இந்த போல்ட்டை நீங்கதான் இறுக்கினீங்களா?" என்று கேட்டால் உடனே ஸ்பானரை எடுத்துக்கொண்டு கழற்ற ஓடுவோம். "இன்னாடா பண்ணி வெச்சிருக்க?" என்று கத்தினால் நிம்மதி.

அவருக்கு ஒரு முறை உண்டு. எந்தக் குழாயை எந்தத் துளையில் மாட்டினாலும் முதலில் ஸ்பானரைத் தொடக்கூடாது. குழாய் முனையில் திருகாணி போலச் சுற்றி வெட்டிய மரையைத் துடைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு விரலால் திருக வேண்டும். தடையில்லாமல் மூன்று சுற்று போனால் அது அந்தத் துளைக்குரிய குழாய். நடுவில் பிடித்தால் மரை வேறு. கழற்றி வைத்துவிட வேண்டும். "கண்ணு ஏமாத்தும், விரல் ஏமாத்தாது" என்பார். பஸ்ஸோ, கிணற்றுப் பம்போ, அச்சு இயந்திரமோ, எங்களிடம் வந்ததெல்லாம் சீமைச் சரக்கு, இங்கிலாந்தில் செய்தது. அவருடைய மூன்று சுற்று ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

யுத்தத்துக்குப் பிறகு டிராக்டர் வந்தது. அடையாற்றுக்குத் தெற்கே திருவான்மியூர் வரைக்கும் அப்போது வயலும் தோப்பும்தான். அங்கே நிலம் வைத்திருந்தவர்கள் சிலர் சீமை டிராக்டர் வாங்கினார்கள். இரும்புத் தட்டுகள் பூட்டிய வட்டக் கலப்பையைக் கையால் தூக்கி இறக்குவது பெரும்பாடு. எண்ணெய் அழுத்தத்தால் தூக்குகிற லிப்ட் வைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். வரதாச்சாரி ஒப்புக்கொண்டு மூன்று டிராக்டர்களுக்கு வேலை எடுத்தார்.

லிப்ட் சிக்கலான விஷயம் இல்லை. பம்ப் எண்ணெயைத் தள்ளும். சிலிண்டர் அந்த எண்ணெயை வாங்கிக் கலப்பையைத் தூக்கும். இரண்டுக்கும் நடுவில் வாசற்காவல் மாதிரி வால்வு. லீவரை மேலே தள்ளினால் எண்ணெய் சிலிண்டருக்குப் போகும். கீழே இழுத்தால் தொட்டிக்குத் திரும்பும். நடுவில் நிறுத்தினால் சிலிண்டரில் உள்ள எண்ணெய் மட்டும் அடைபட்டு, கலப்பையை அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருக்கும்; பம்ப் தள்ளுவது தொட்டிக்கே திரும்பிவிடும்.

பம்பும் சிலிண்டரும் குழாய்களும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தன. வால்வு மட்டும் வரவில்லை. மாதக்கணக்கில் காத்திருந்து பார்த்துவிட்டு, முதலாளி ராணுவ உபரி ஏலத்துக்குப் போனார். அமெரிக்கப் பட்டாளம் விட்டுப்போன சாமான்களில் அரை அங்குலத் துளை போட்ட வால்வுகள், பெட்டி பிரிக்காமல், துளைகளில் இரும்பு மூடி திருகியபடியே இருந்தன. அள்ளிக்கொண்டு வந்தார்.

"சவரிமுத்து, சீமைக் குழாய் இதுல போறதா பாரும். போகலேன்னா எனக்கு ஆத்துக்குள்ள போக வழியில்லே. ஆத்துக்காரி வளையலை அடகு வெச்சுட்டு எடுத்துண்டு வந்திருக்கேன்."

சவரிமுத்து மூடியைக் கழற்றித் தகர டப்பாவில் போட்டார். துளையைத் துடைத்தார். கண்ணை மூடினார். சீமைக் குழாய் மூன்று சுற்று வழுக்கிக்கொண்டு போனது. வழக்கத்தைவிட இன்னும் அரைச் சுற்று கூடவே போனது. அதை நல்ல சகுனமாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

இறுக்கி ஓட்டிப் பார்த்தபோது குழாய் ஓரத்தில் எண்ணெய் கசிந்தது. கசிந்தால் என்ன செய்வது என்பதற்கும் எங்களிடம் வழக்கம் இருந்தது. கழற்றி, மரையில் சணல் நாரைச் சுற்றி, வெள்ளைச் சபேதாப் பசை பூசி, மறுபடி திருகுவது. அப்படியும் கசிந்தது. ஸ்பானரின் வாலில் மூன்றடிக் குழாயைச் செருகி, சவரிமுத்துவே காலை ஊன்றி நின்று இழுத்தார். கசிவு நின்றது. மூன்று டிராக்டரும் வெளியே போயின.

முனுசாமி ஊரூர் குப்பத்துக்காரர். அண்ணன் தம்பிகள் கட்டுமரம் ஏற, இவர் பட்டாள லாரியில் கிளீனராகப் போய் டிரைவராகத் திரும்பியவர். அடையாற்றுப் பக்கத்தில் டிராக்டர் ஓட்டத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவு. அதில் முதல் விரல் அவர். வழியில் என்னைப் பார்த்தால் நிறுத்தி, "இன்னா ஏகா, மண்ணுல கப்பல் ஓட்றேன், ஒரு ரவுண்டு வர்றியா?" என்று கூப்பிடுவார்.

ஒரு நாள் உழவின் நடுவே கலப்பையைத் தூக்கி நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைத்து, தட்டில் சிக்கிய கோரையைப் பிடுங்கக் கீழே உட்கார்ந்திருக்கிறார். கலப்பை இறங்கிவிட்டது. இடது காலில் இரண்டு விரல் போயிற்று. பாதத்து எலும்பும் உடைந்தது.

மறுநாள் தாமோதரன் பட்டறைக்கு வந்தார். முதலாளியும் அவரும் உள்ளே பேசினார்கள். வெளியே வந்தபோது ஒரு முடிவு இருந்தது: டிரைவர் லீவரைச் சரியாக நடுவில் நிறுத்தாமல் இறங்கிவிட்டார், அதனால் வந்த வினை. அப்படி ஒரு வாக்குமூலம் எழுதி முனுசாமியின் கைரேகை வாங்கிவிட்டால், நிலக்காரர் வைத்தியச் செலவு தர வேண்டியதில்லை. பட்டறைக்கும் பொறுப்பில்லை. முனுசாமியை இனி எவனும் டிராக்டரில் ஏற்றமாட்டான் என்பதுதான் மிச்சம்.

"ஏகாம்பரம், நீ படிச்சவன். உனக்கும் அவனுக்கும் பழக்கம் உண்டு. ஒருதரம் வாசிச்சுக் காட்டிட்டு, ரேகை வாங்கிண்டு வா" என்று காகிதத்தையும் மைத்தட்டையும் முதலாளி என் கையில் கொடுத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போய், உள்ளதை உள்ளபடி வாசித்தேன். முனுசாமி கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். அவர் மனைவி தனம், மீன் கூடையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு நின்றிருந்தாள்.

"லீவரு நடுவுலதான் இருந்துச்சு நைனா" என்றார். "லீவரு தப்பா கீதுன்னா கலப்பை அப்பவே மெள்ள எறங்க ஆரம்பிக்கும். நான் குந்தி அரைக் கட்டு கோரை புடுங்கியாச்சு. அப்புறம்தான் வுழுந்துது. வுழ சொல்லோ முதுகு பூரா எண்ணெ. சூடா, பீச்சாங்குழல்ல அடிக்கிற மாதிரி."

"எண்ணெய் முதுகில அடிச்சுதா?"

"சட்டையப் பாரேன். இதோ இவ தோய்க்காம வெச்சுக்கினு கீறா."

தனம் கூடையிலிருந்து சட்டையை எடுத்து உதறினாள். கழுத்திலிருந்து இடுப்பு வரை எண்ணெய். "எத்தினி வாட்டி சொல்றது? ஆளப் பாத்தவன் எவனும் சட்டையப் பாக்கலியே" என்றாள்.

முனுசாமி கட்டைவிரலை மைத்தட்டின் பக்கம் நீட்டினார். "சரி, நீ படிச்சவன். உங்கப்பனும் எனக்கு மாமா மொற மாதிரிதான். நீயே சொல்லு. வெக்கட்டுமா?"

அந்த விரலைப் பார்த்தேன். லீவர் தவறாக இருந்திருந்தால் எண்ணெய் குழாய் வழியாகத் தொட்டிக்குப் போயிருக்கும். முதுகில் அடித்ததென்றால் ஏதோ ஓரிடத்தில் வெளியே திறந்துகொண்டது என்று அர்த்தம். மைத்தட்டை மூடினேன்.

"வைக்காதீங்க. வேற யார் கொண்டுவந்தாலும் நான் வர்ற வரைக்கும் வைக்காதீங்க."

திரும்பி வந்து முதலாளியிடம் ரேகை இல்லாத காகிதத்தைக் கொடுத்தேன். எண்ணெய்ச் சட்டையைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

"ரேகை வாங்கிண்டு வான்னேனா, வக்காலத்து வாங்கிண்டு வான்னேனா? நாளைக்குக் காலம்பற தாமோதரன் வரார். ரேகை இல்லேன்னா நீயும் வேண்டாம், போ."

போகவில்லை. முனுசாமியின் டிராக்டரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த வால்வு, குழாய் மாட்டியபடியே பெஞ்சில் கிடந்தது. துளையைச் சுற்றிச் சபேதாவும் நாரும் அப்பிக்கிடந்ததில் ஒன்றும் தெரியவில்லை. தகர டப்பாவைக் கவிழ்த்து, வால்வோடு வந்த இரும்பு மூடி ஒன்றை எடுத்தேன். என் பெட்டியில் மீன்வால் மாதிரி வெட்டிய ஒரு சிறு தகடு உண்டு. மரை வெட்டும் உளியைத் தீட்டும்போது கோணம் பார்க்கிற கேஜ் அது. சீமை மரையின் பல் ஐம்பத்தைந்து டிகிரி. தகட்டை மூடியின் பல் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். உட்காரவில்லை, ஆடியது. பல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் வந்தது.

தொழிற்பள்ளியில் அமெரிக்க லேத் ஒன்று இருந்தது. அதற்கு மட்டும் அறுபது டிகிரித் தகடு என்று வாத்தியார் தனியாக ஆணியில் மாட்டிவைத்திருப்பார். எதற்கு என்று நாங்கள் அப்போது கேட்டதில்லை. இப்போது புரிந்தது: அமெரிக்க மரையின் பல் அறுபது டிகிரி.

பல்லை எண்ணினேன். அங்குலத்துக்குப் பதினாலு. சீமைக் குழாயையும் எண்ணினேன். அதிலும் பதினாலு. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் மட்டும் இந்த இரண்டு நாட்டு மரையும் எண்ணிக்கையில் ஒன்று, சாய்வில் வேறு. கால் அங்குலமாக இருந்திருந்தால் எண்ணிக்கையே மாறி, இரண்டாவது சுற்றிலேயே பிடித்திருக்கும். சவரிமுத்துவின் விரல் கண்டுபிடித்திருக்கும். அரை அங்குலம் அவர் விரலுக்கு வழிவிட்டுவிட்டது.

அவர் கையைக் கிருஷ்ணாயிலில் கழுவிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். மூடியையும் தகட்டையும் கொடுத்தேன். அவரே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சீமைக் குழாயில் தகட்டை வைத்தார்; கச்சிதமாக உட்கார்ந்தது. மறுபடி மூடியில் வைத்தார்.

"தம்பி, இதை நீங்க எப்போ பார்த்தீங்க?" என்றார்.

அந்த 'நீங்க' என்மேல் வந்த கோபமா என்று தெரியாமல், "இப்போதான் சார்" என்றேன்.

"மத்த ரெண்டு வண்டி எங்க இருக்கு?"

"ஒண்ணு தரமணிப் பக்கம். ஒண்ணு திருவான்மியூர்."

"சைக்கிள எடு. கலப்பைய தரையில எறக்கிட்டு வண்டிய நிறுத்தச் சொல்லு. எவனும் கீழ குனியக்கூடாது. யார் சொன்னான்னு கேட்டா, நான் சொன்னேன்னு சொல்லு."

அடையாற்றுப் பாலத்தை அப்படி வேகமாக நான் அதற்கு முன்பும் பிறகும் கடந்ததில்லை. தரமணியில் நான் போய்ச் சேர்ந்தபோது கலப்பை அந்தரத்தில் நின்றது. டிரைவர் அதன் நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்தேன். "இன்னாபா, பீடி வேணும்னா கேட்டு வாங்கேன்" என்றார். திருவான்மியூர் வண்டியையும் நிறுத்திவிட்டுத்தான் திரும்பினேன்.

மறுநாள் காலை தாமோதரன் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் சவரிமுத்து வால்வைக் குழாயோடு வைஸ் இடுக்கியில் பொருத்தினார். "மொதலாளி, இதை நீளவாக்குல அறுக்கப்போறேன்" என்றார்.

"என்ன ஓய் விளையாடறீர்? ஏலத்துல எடுத்தது. இதுமாதிரி மறுபடி கிடைக்காது."

"கழட்டினா சாட்சி கலைஞ்சிடும். குழாய் உள்ள இருக்கிறபடியே அறுத்தாத்தான் உள்ள என்ன இருக்குன்னு தெரியும்."

"சாட்சியாவது? டிரைவர் லீவர..."

"வால்வு விலைய என் சம்பளத்துல பிடிங்க, சார்" என்றார் சவரிமுத்து. அவர் முதலாளியை சார் என்று அழைத்து நான் கேட்டது அன்றுதான். வரதாச்சாரி நகர்ந்து நின்றார்.

ரம்பத்தை என்னிடம் தரவில்லை, அவரே பிடித்தார். வார்ப்பிரும்பை உலர்ந்த பிளேடால், உள்ளே எஃகுக் குழாய் வந்ததும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அவசரமில்லாத நீளமான இழுப்பு. இரண்டு பிளேடு தேய்ந்து மாற்றினோம். வால்வின் வாய் இரண்டாகப் பிளந்தது. வெட்டுமுகத்தை அரத்தால் சமன்செய்து, கண்ணாடிப் பலகையில் எமரித் தாளைப் போட்டுத் தேய்த்துத் துடைத்தார்.

தாமோதரனையும் குனியச் சொன்னார். குழாயின் பல்லும் துளையின் பல்லும் ஒன்றின் பள்ளத்தில் ஒன்று இறங்கியிருந்தன. ஆனால் தொட்டது பல்லின் நுனி மட்டும். இரண்டு பக்கமும் இடைவெளி. அந்த இடைவெளி, மரையோடு மரையாகச் சுற்றிச்சுற்றி வெளியே வரை போனது. அதில் அடைந்திருந்ததெல்லாம் எங்கள் சணல் நார்.

"கசிஞ்சிருக்கும், ஒத்துக்கறேன்" என்றார் தாமோதரன். "கசிஞ்சா கலப்பை கொஞ்சம் கொஞ்சமா எறங்கும். ஒரேயடியா எப்படி விழும்?"

நல்ல கேள்வி. சவரிமுத்து தலையசைத்தார். வால்வின் வாய்ப்புறத்தைச் சுரண்டி, கிருஷ்ணாயிலில் முக்கி, கொஞ்ச நேரம் ஊறவிட்டார். எடுத்து நன்றாகத் துடைத்து, மேலே சாக்குக்கட்டியைப் பொடித்துத் தடவினார். நாங்கள் காத்திருந்தோம். வெள்ளைப் பொடியில் ஒரு தலைமுடி அளவுக்கு ஈரக்கோடு எழுந்தது. உள்ளே ஊறியிருந்த எண்ணெயை விரிசல் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. கோடு துளையிலிருந்து கிளம்பி வெளிவிளிம்பு வரை ஓடியது.

"விழுந்த அதிர்ச்சியில விட்டிருக்கும்" என்றார் முதலாளி. குரலில் நம்பிக்கை இல்லை.

சவரிமுத்து உளியை விரிசலில் வைத்துத் தட்டினார். துண்டு உடைந்து கையில் வந்தது. உடைந்த முகத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். முக்கால் பாகம் கறுப்பு. நாள்பட எண்ணெய் ஊறிய கறுப்பு. விளிம்பில் மெல்லிசாக ஓர் ஓரம் மட்டும் புது இரும்பாகப் பளபளத்தது.

"இந்தப் பளபளப்பு அன்னிக்கு விட்டது" என்றார். "இந்தக் கறுப்பு, வண்டி இங்கேருந்து போன அன்னிக்கே விட்டது. பொருந்தாத மரைய மூணடிக் குழாய் போட்டு இறுக்கினா வார்ப்பு பிளக்காம என்ன செய்யும்? இறுக்கினது நான். லீவர் இல்ல, டிரைவர் இல்ல. என் கை."

அவருக்கு அப்போது ஐம்பதுக்கு மேல் வயது. மூன்று சுற்று முறையை அந்தப் பட்டறையில் எல்லோருக்கும் பழக்கியவர். அதைச் சொல்லும்போது குரல் தணியவும் இல்லை, ஏறவும் இல்லை. துண்டைத் தாமோதரன் உள்ளங்கையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

தாமோதரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை நான் எசமான்கிட்ட காட்டணும்" என்று கைக்குட்டையில் முடிந்துகொண்டார். முதல்நாள் எழுதிய காகிதத்தை முதலாளி எங்கள் கண் முன்னாலேயே கிழித்து அடுப்பில் போட்டார்.

அதற்குப் பிறகு பட்டறையில் புது வழக்கம் வந்தது. எந்த ஊர்ச் சரக்கானாலும் முதலில் தகடு, பிறகு பல் எண்ணிக்கை, அதற்குப் பிறகுதான் விரல். மரை பொருந்தினாலும் போதாது என்பதையும் கற்றோம். மாற்று வால்வு ஒன்று மரையில் சரியாக உட்கார்ந்தது. ஆனால் லீவர் நடுவில் நிற்கும்போது பம்பின் எண்ணெயையும் சேர்த்து அடைத்தது. எங்கள் பம்போ ஓயாமல் தள்ளுகிற ஜாதி. ஓட்டியிருந்தால் வேறெங்காவது வெடித்திருக்கும். ஆகவே லீவரின் மூன்று நிலையிலும் எண்ணெய் எந்த வழியாகப் போகிறது என்று ஊதிப் பார்த்துச் சாக்குக்கட்டியால் குறிப்போம். பிறகு, கலப்பையின் எடைக்கு மேல் எடை கட்டித் தூக்கி, ஒரு வேளைச் சாப்பாடு முடிகிற வரை அந்தரத்தில் நிறுத்திப் பார்ப்போம். மீதி வால்வுகளுக்கு லேத்தில் இடைக்குழாய் கடைந்தேன்: ஒரு முனை அறுபது, மறுமுனை ஐம்பத்தைந்து. ஒவ்வொன்றையும் சவரிமுத்து தகடு வைத்துப் பார்த்து, பிறகு பழக்கம் விடாமல் கண்ணையும் மூடித் திருகிப் பார்த்தார்.

முனுசாமி தடி ஊன்றி முதன்முதலாக வந்தபோது அவரைச் சோதனை வண்டியில் ஏற்றிவிட்டவர் சவரிமுத்துதான். "இன்னா போர்மேனு, இந்த தபா கெட்டியா கீதா?" என்றார் முனுசாமி. "கீழ குனியாதய்யா, அது போதும்" என்றார் இவர்.

இதற்கான செலவைப் பட்டறைக் கணக்கில் எழுதுகிற நாளில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, தலைப்புக்கு 'விபத்து' என்று போடச் சொன்னார். பக்கத்தில் நின்ற சவரிமுத்து, "மரைன்னு போடுங்க தம்பி" என்றார். முதலாளி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போடு என்று கையைக் காட்டினார். மரை என்றே எழுதினேன். அறுத்த வால்வு, இடைக்குழாய்களுக்கு எஃகு, நின்றுபோன உழவுக்கு நிலக்காரர் பிடித்துக்கொண்டது, முனுசாமியின் வைத்தியம், அவர் மறுபடி வண்டி ஏறுகிற வரைக்கும் சம்பளம், மூன்று ரூபாய்க்கு ஓர் அறுபது டிகிரித் தகடு. ஆகமொத்தம் எழுநூற்று முப்பத்தெட்டு ரூபாய் நாலணா.